சிங்கப்பூருக்கு ஐந்து லிட்டர் குக்கர்

"குக்கரைக் கைப்பையில வைக்காதீங்க அக்கா, பெரிய பெட்டியில போட்டுடுங்க. ஏர்போர்ட்ல பிரச்சினை பண்ணுவாங்க" என்று டிராவல்ஸ் மதிவாணன் சொன்னபோது, அவன் போனில் வேறு யாரிடமோ பேசுகிறான் என்றுதான் வினோலியா நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் கடையில் அவளைத் தவிர ஆளில்லை.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், செல்போன் ரிப்பேர் கடைக்கு மாடியில் இருக்கிறது அவனுடைய ஆபீஸ். விசாவுக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவைக் கொடுக்கத்தான் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். அந்தப் போட்டோவுக்காக முந்தின நாள் தலைக்குக் குளித்து, காதில் சின்னத் தோடு மாட்டிக்கொண்டு போனவள்.

"எந்தக் குக்கரு?"

"அஞ்சு லிட்டர் குக்கர்னு மருதாசலம் சார் சொன்னாரே. ஓட்டல் வேணாம், சமையல்கட்டு இருக்கிற அபார்ட்மெண்டா பாருன்னாரு. மாத்திட்டேன். நம்ம ஆளுங்க கடை நிறைய இருக்கிற தேக்காவுக்குப் பக்கத்துலயே கிடைச்சுது. கேஸ் அடுப்பு இல்ல, கரண்ட் அடுப்புதான். நம்மகூட சமையலுக்கு ஒரு அக்கா வர்றாங்க, அவங்க பாத்துப்பாங்கன்னாரு." மதிவாணன் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அது நீங்கதானே அக்கா?"

பாவம், அவன் நல்ல பையன். அவன் மேல் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. வினோலியா மாடிப்படி இறங்கி வந்து ஸ்கூட்டியை எடுத்தாள்.

இந்தச் சிங்கப்பூர்ப் பயணம் யாருடையது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இவளுடைய கோபம் குக்கரைப் பற்றியது என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

வினோலியாவுக்கும் பெனடிக்டுக்கும் வருகிற மே மாதம் கல்யாண வெள்ளிவிழா. அவர்கள் சொந்தத்தில் வெள்ளிவிழா என்றால் கோயிலில் திருப்பலி, மண்டபத்தில் பிரியாணி, கடலூரிலிருந்து இரண்டு வேன் நிறைய சொந்தக்காரர்கள். "உனக்கு என்னா வேணும், சொல்லு" என்று பெனடிக்ட் வாய் தவறிக் கேட்டுவிட்டான். அவள் யோசிக்கவே இல்லை. "விருந்து வேணாம். நீயும் நானும் சிங்கப்பூர் போலாம்" என்றாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துச் சேர்த்த காசு அவளிடம் இருந்தது. அவளுடைய டிக்கெட் அவளுடைய காசில்.

ஏன் சிங்கப்பூர்? ஆகாயத்தைத் தொடும் கட்டடத்துக்காகவோ, ராத்திரி எரியும் கலர் விளக்குக்காகவோ இல்லை. யூடியூபில் ஒரு நாள் அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தாள். ஒரே கூரை. இந்தப் பக்கம் சீனன் கோழிச்சோறு விற்கிறான், அந்தப் பக்கம் மலாய்க்காரம்மா தேங்காய்ப்பால் சோறு போடுகிறாள், நடுவில் நம்ம ஆள் புரோட்டா வீசுகிறான். மூன்று பேரிடமும் வாங்கி ஒரே மேசையில் வைத்து ஒரு கிழவி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கொண்டுபோய் ஒரு அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனாள். கழுவவில்லை, துடைக்கவில்லை. வினோலியா அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. ஆறு நாள் அந்தக் கிழவியைப் போல இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் பெனடிக்டுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் தன் ஷிப்ட் ஆட்களிடம் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் சொன்னான். மருதாசலம் "நாங்களும் வர்றமுங்கோ" என்றார். கருணாகரன் "அப்ப நானும்" என்றான். இரண்டு பேர் போவதாக இருந்த பயணம் மூன்று குடும்பமாகிவிட்டது. அதையும் வினோலியா பொறுத்துக்கொண்டாள். கூட நாலு பேர் வந்தால் என்ன, சிங்கப்பூர் என்ன சுருங்கியா போய்விடும்?

அந்த மூன்று குடும்பமும் சேர்ந்து டூர் போவது புதிதில்லை. வேன் பிடிப்பார்கள். வேனின் பின் சீட்டில் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, குண்டான், கரண்டி, மசாலாத் தூள் டப்பா, எல்லாவற்றுக்கும் நடுவில் வினோலியா. அவள் கைப்பக்குவம் அப்படி என்பார்கள். கன்னியாகுமரியில் எல்லோரும் சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். அவள் லாட்ஜ் மொட்டை மாடியில் உப்புமாவுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கொடைக்கானலில் அவள் நன்றாகப் பார்த்தது ஒரு தண்ணீர்க் குழாயை. அதன் அடியில் உட்கார்ந்து குண்டான் தேய்த்தாள். வேளாங்கண்ணியில் மாதாவை மட்டும் பார்த்தாள், அதுவும் கையில் மீன் வாசனையோடு. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பார்கள். இங்கே நெய்யும் அவளுடையது, கையும் அவளுடையது. வாய் மட்டும்தான் ஊராருடையது.

இப்போது அந்த வேன் டூரை அப்படியே தூக்கிச் சிங்கப்பூரில் வைக்கப் பார்க்கிறார்கள்!

வீட்டுக்கு வந்தபோது பெனடிக்ட் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்பது டவுன்ஷிப்பில் எழுதாத சட்டம். அந்தத் தெருவுக்குள் பால்காரன்கூட ஹாரன் அடிக்க மாட்டான். வினோலியாவே அந்தச் சட்டத்துக்காக எத்தனையோ பகல்களில் மிக்ஸி போடாமல் அம்மியில் அரைத்திருக்கிறாள். இன்றைக்கு நேராகப் போய் ஃபேனை நிறுத்தினாள்.

இரண்டு நிமிடத்தில் வியர்த்து எழுந்து உட்கார்ந்தான் பெனடிக்ட். "கரண்ட் போயிடுச்சா?"

"போவல. நான்தான் நிறுத்துனேன். சிங்கப்பூர்ல ஓட்டல் போடாம சமையல்கட்டு வச்ச வூடு போட்டிருக்கீங்களாமே?"

பெனடிக்ட் கண்ணைக் கசக்கினான். தூக்கக் கலக்கத்திலும் அவன் முகத்தில் ஒரு திருட்டுக் களை வந்துபோனது. "ஆமா. மருதாசலத்துக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதாம். வினோலியா இருக்கும்போது என்னா கவலைன்னு கேட்டாரு. சரின்னேன்."

"எங்கிட்ட யாரு கேட்டா?"

"உங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கறது? எப்பவும் நீ செய்யறதுதானே?"

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, தேங்காயைப் போய் யாராவது கேட்பார்களா என்கிறான்! பெண்டாட்டியைக் கேட்காமல் பெண்டாட்டியின் கையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான், அதுவும் வெள்ளிவிழாவுக்கு.

"ஆறு நாள்தானே. ஆக்கிப் போட்டா நீ குறைஞ்சா பூடுவே? மனுசன் உன் கையைப் பாராட்டறாரு, சந்தோசப்படுவியா..." என்றான்.

"தூங்கு" என்றாள் வினோலியா. ஃபேனைப் போடாமல் வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மருதாசலத்தின் குவார்ட்டர்ஸில் கூட்டம். மருதாசலம் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், ஷிப்டில் மூத்தவர், தொழிற்சங்கத்தில் பெரிய ஆள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்காகச் சுரங்க வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்கில் அவர் மைக் பிடித்தால் நரம்பு புடைக்கும். வீட்டு மாமரத்தடியில் நாற்காலி போட்டு, எல்லோருக்கும் காப்பி கொடுத்து, பயணத்தை ஒரு ஷிப்டை நடத்துகிற மாதிரியே பிரித்துக் கொடுத்தார். டிக்கெட்டும் விசாவும் அவர் பொறுப்பு, வெளிநாடு போக ஆபீஸ் அனுமதி வாங்குவது பெனடிக்ட் பொறுப்பு, போட்டோ எடுப்பது கருணாகரன்.

"காலைல ஏழரைக்கு டிபன் முடிஞ்சுதுன்னா மதியத்துக்கு எலுமிச்சஞ்சோறு கட்டிக்கலாமுங்க. சாயங்காலம் தங்கச்சி கொஞ்சம் முன்னால கிளம்பி ரூமுக்கு வந்துட்டா, நாம அந்தப் பெரிய ராட்டினத்துல ஏறிட்டு வர்றதுக்குள்ள ரசம் ரெடியாயிரும். என்னுங்க தங்கச்சி?" என்று வினோலியாவைப் பார்த்துச் சிரித்தார்.

அவருடைய மனைவி தேவயானி, "நாங்க காய் நறுக்கித் தர்றமுங்க அக்கா" என்றாள் தாராளமாக. கருணாகரன் மனைவி பேச்சியம்மாள் எப்போதும் போல ஒன்றும் பேசாமல் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அங்க தெருவுக்குத் தெரு நம்ம இட்லிக் கடை இருக்குது" என்றாள் வினோலியா. "சுத்த சைவக் கடையும் இருக்குது. ஊரெல்லாம் நாலு பாஷையில போர்டு வச்சிருக்கான், அதுல ஒண்ணு தமிழு. நீங்க பட்டினி கிடக்க மாட்டீங்க."

"அதெல்லாம் நம்ம வயித்துக்கு ஒத்து வராதுங்க தங்கச்சி. ஒரே சட்டியில எதையெதையோ போட்டு வறுக்கறானுங்கோ. கண்டதைத் தின்னு, போன இடத்துல படுத்துக்கிட்டா?"

"சரிண்ணே. நான் ஒண்ணு கேக்கறேன். இந்த டூர்ல நான் காண்ட்ராக்டா, பெர்மனெண்டா?"

கருணாகரன் சிரித்தான். மருதாசலம் சிரிக்கவில்லை.

"ரிலீவர் வராம மிஷினை விட்டு இறங்கக் கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. அடுத்த ஷிப்ட் ஆளு வரலன்னா நீங்க என்னா பண்ணுவீங்க?"

"அடுத்த ஷிப்டும் இருந்து பார்ப்போமுங்க. ஓ.டி. உண்டு. மறுநாள் ஆப் எடுத்துக்கலாம்."

"இவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்னா நாலு மணிக்கு எழுந்திரிக்கறேன். நைட் ஷிப்ட்னா பகல்ல வூட்டுக்குள்ள பூனை மாதிரி நடக்கறேன். இவருக்கு வாரத்துல ஒரு நாள் ஆப். எனக்கு என்னிக்கு ஆப் வந்துது? எனக்கு யாரு ரிலீவரு? கேட்ல நின்னுகினு ஊரு தொழிலாளிக்கெல்லாம் நியாயம் பேசறீங்க. வூட்ல ஒருத்தி லீவு எடுத்துக்கினு ஊரு பாக்கப் போறேன்னா, அங்கயும் அவளுக்கு டூட்டி போடறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?"

மருதாசலம் தொடையில் தட்டிக்கொண்டு, "அட, தங்கச்சியை நம்ம சங்கத்துல சேத்திருந்தா எப்பவோ போனஸ் வாங்கியிருக்கலாமுங்க!" என்றார். எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். பெனடிக்டும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்தது அவளுக்கு உறைக்கவில்லை. அவன் சிரித்தது உறைத்தது.

வினோலியா எழுந்துகொண்டாள். "நான் காசு கட்டியிருக்கேன். சிங்கப்பூருக்கு வருவேன். ஆனா அடுப்பைத் தொட மாட்டேன். யாருக்குச் சோறு வேணுமோ அவங்களே ஆக்கிக்கட்டும்."

அதற்குப் பிறகு பெனடிக்ட் அவளோடு பேசவில்லை. பேசாதது மட்டுமில்லை, வீட்டில் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டான். ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டான். அடடா, என்ன பெரிய தண்டனை! வினோலியா தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி வைத்து, மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் காலை நீட்டிப் படுத்தாள். ஆனால் மனசுக்குள் பயம் இல்லாமல் இல்லை. இவர்கள் கோபித்துக்கொண்டு பயணத்தையே கலைத்துவிட்டால்? அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிடாமலேயே காலம் போய்விடுமோ? நினைத்தால் அழுகை முட்டியது. அழவில்லை. தனக்கு நியாயமாக வர வேண்டிய ஒன்றுக்காக அழுவது அவளுக்குக் கேவலமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் தேவயானி வந்தாள். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"உங்களாலதானுங்க அக்கா நான் மாட்டிக்கிட்டேன்!"

"என்னாத்துல மாட்டிக்கினே?"

"நீங்க முடியாதுன்னு சொன்னீங்கல்ல, அன்னைக்கு ராத்திரியே என்னைச் சமைக்கச் சொல்லிட்டாருங்க. வினோலியா இல்லீனா நீ, இதுல என்ன இருக்குதுங்கறாரு. ஆறு பேருக்கு மூணு வேளை! நான் என்னங்கக்கா பண்ணுவேன்?"

வினோலியாவுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. "ஏன், காய் நறுக்கித் தர்றேன்னு சொன்னியே. இப்ப நான் நறுக்கித் தர்றேன், நீ ஆக்கேன். அன்னிக்கு நான் ஒருத்தியா நின்னு கத்தறப்போ அவங்களோட சேந்துகினு சிரிச்சே இல்ல?"

தேவயானியின் வாய் கோணியது. "சிரிச்சனுங்க. தப்புத்தானுங்க. அந்த வேலை எனக்கு வரலியேன்னு சிரிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ராட்டினத்துல ஏறணும்னு எத்தனை ஆசையா இருந்தேன் தெரியுமுங்களா? நீல கலர்ல ஒரு சுடிதார்கூட எடுத்து வச்சிருக்கேன். இங்க எங்க போடறது? அவரு என்னடான்னா, நீ முன்னால ரூமுக்குப் போயி ரசம் வச்சிருங்கறாரு."

அந்த ரசப் பேச்சைக் கேட்டதும்தான் வினோலியாவின் கோபம் இடம் மாறியது. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை அவர்கள்! நுகத்திலிருந்து ஒரு மாட்டை அவிழ்த்ததும் அடுத்த மாட்டை இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள். கேள்வி கேட்டவளுக்குப் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்காதவளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். தேவயானியும் மறுத்தால் பேச்சியம்மாள். பேச்சியம்மாள் மறுக்கவே மாட்டாள், அவளுக்கு வாயைத் திறக்கத் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அபார்ட்மெண்டில் அடுப்பு ஒன்று இருக்கிறவரை அதன் முன்னால் நிற்க ஒருத்தியை அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

"எழுந்திரு" என்றாள்.

"எங்கீங்க?"

"மந்தாரக்குப்பத்துக்கு. உன் ஏ.டி.எம். கார்டு இருக்குதா?"

தேவயானி ஒரு பள்ளியில் டீச்சர், அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். சம்பளம் அவள் பேரில்தான் வருகிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவள் ஏதோ தப்புச் செய்தவளைப் போலத் தலையாட்டினாள்.

ஸ்கூட்டியின் பின்னால் தேவயானியை உட்கார வைத்துக்கொண்டு வினோலியா வேகமாகவே போனாள். வழியில் நிறுத்திப் பேச்சியம்மாளுக்குப் போன் போட்டாள். விஷயத்தை முழுக்கச் சொன்னாள்.

"யக்கா" என்றது பேச்சியம்மாளின் குரல். திருநெல்வேலிப் பக்கத்துக் குரல். "நான் நேத்தே அவுகளுக்குப் புளிக்காச்சல் கிண்டி பாட்டில்ல அடைச்சு வச்சுட்டேன், சிங்கப்பூருக்குன்னு. அடுத்து எம்மேலதான் வரும்னு தெரியும்லா. என்னையும் சேத்துக்கிடுங்க. காசு எம் மவன் அனுப்பினது இருக்கு."

மாடிப்படி ஏறி வந்த இரண்டு பெண்களையும் பார்த்து மதிவாணன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "வாங்கக்கா. என்ன, டூர் கேன்சலா? மருதாசலம் சார் ஏதோ குழப்பம்னாரே."

"ஒரு குழப்பமும் இல்ல. எல்லாரும் போறோம். அதே பிளேன், அதே தேதி" என்றாள் வினோலியா.

"அப்ப அபார்ட்மெண்ட்?"

"அது அப்படியே இருக்கட்டும். ஆம்பளைங்க மூணு பேரும் அங்க தங்குவாங்க. அவங்க வயித்துக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது. எங்க மூணு பொம்பளைங்களுக்கு வேற ரூம் போடு."

மதிவாணன் ஒரு நிமிடம் கம்ப்யூட்டரையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தொழில் புத்தி வந்துவிட்டது. "எந்த மாதிரி ரூம் பாக்கட்டும்? நீச்சல் குளம் இருக்கிற மாதிரியா, ஆத்தைப் பாத்த மாதிரியா?"

"அடுப்பு இல்லாத மாதிரி."

தேவயானி சட்டென்று சிரித்துவிட்டாள். பிறகு பயந்துபோய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதிவாணன் தேடினான். ஒரு ஓட்டலைக் காட்டினான். மூன்று கட்டில், ஜன்னல், கீழே இறங்கினால் சாப்பாட்டுக் கூடம். வினோலியா திரையில் அந்த அறையின் படத்தை மூலை மூலையாகப் பார்த்தாள். தண்ணீர் சுட வைக்கிற கெட்டில் ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பையைத் திறந்து தன் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். தேவயானியும் வைத்தாள்.

மதிவாணன் கார்டைத் தொடவில்லை. தயங்கினான். அவனும் நாளைக்கு அதே ஆண்களிடம் தொழில் செய்ய வேண்டியவன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எதுக்கும் சார்ங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"என்னை வேலைக்கு வச்சப்போ என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல தம்பி" என்றாள் வினோலியா. "வேலையை விட்டு நிக்கறப்போ மட்டும் நான் யாரைக் கேக்கணும்?"

மதிவாணன் கார்டை எடுத்துக்கொண்டான்.